வெண்கலமும் கடனும்: உரோம நாணயத் தோற்றக் கதை பற்றி ஒரு மறுநோக்கு

நாணயம் எவ்வாறு தோன்றிற்று என்ற வினாவுக்கு நம்மிற் பெரும்பாலார் மனனமாய் வைத்திருக்கும் விடை ஒன்றுண்டு. ஆதியிலே மக்கள் பண்டத்துக்குப் பண்டம் மாற்றினர். நெல் வைத்திருந்தவனுக்கு உப்புத் தேவைப்பட்டது. உப்பு வைத்திருந்தவனுக்கோ நெல் தேவைப்படவில்லை. இவ்விடர்ப்பாட்டை நீக்குதற்கு யாவரும் ஏற்கும் உலோகம் ஒன்று தெரிந்தெடுக்கப்பட்டது. ஒவ்வொரு தடவையும் அதனை நிறுத்துப் பார்க்கும் தொல்லையை ஒழிப்பதற்கு அரசன் அதன்மேல் முத்திரை பொறித்தான்; நாணயம் பிறந்தது. வகுப்பறையிலே இக்கதையைச் சொல்லும் ஆசிரியனுக்கும் கேட்கும் மாணவனுக்கும் ஐயம் எதுவும் எழுவதில்லை. கதை அத்துணை ஒழுங்கானது. அதிலே எவரும் எவரையும் வருத்துவதில்லை. எவரும் எவருக்கும் அடிமைப்படுவதில்லை. எல்லோரும் தத்தம் வசதியை நாடிச் சந்தைக்குச் செல்கின்றனர். எல்லோரும் பயன்பெற்று வீடு திரும்புகின்றனர். இத்துணை இனிய கதையை நாம் சற்று ஐயுறவோடு நோக்குதல் வேண்டும்.

இக்கதைக்கு நெடிய மரபுண்டு. அரிஸ்டாட்டில் தமது ‘அரசியல்’ என்னும் நூலில் இதற்கு வித்திட்டார். 1776ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூலின் முதற் பாகத்து நான்காம் அத்தியாயத்தில் அடம் ஸ்மித் அதனை வளர்த்து முழுவடிவம் கொடுத்தார். இறைச்சி விற்பவனும் மது வடிப்பவனும் வெதுப்புபவனும் ஒருவருக்கொருவர் பண்டம் மாற்ற முடியாது தவிக்கும் காட்சியை முதலில் வரைந்த அவர், பின்னர் வரலாற்றிலிருந்து சான்று தேடுகிறார். அவர் எடுத்துக்காட்டும் சான்றுகளுள் ஒன்று பண்டைய உரோமினது. சேர்வியஸ் துல்லியஸ் என்னும் மன்னன் காலம் வரை உரோமரிடம் நாணயம் இருக்கவில்லை என்றும், முத்திரையற்ற செப்புப் பாளங்களையே அவர்கள் பயன்படுத்தினர் என்றும் அவர் கூறுகிறார். இதற்கு ஆதாரம் பிளினி. பிளினிக்கு ஆதாரம் சிசிலித் தீவைச் சேர்ந்த திமேயஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர். ஆக, மூவர் கைமாறி வந்த செய்தி இது. கைமாறி வந்த செய்தியை எடைபோட்டுப் பார்ப்பது திறனாய்வாளன் தொழில். ஒரு கவிதையை ஆராயுமிடத்து அதிற் சொல்லப்பட்டது யாது, சொல்லாது விடப்பட்டது யாது என்று நாம் வினவுகின்றோம். பொருளாதார நூலொன்றின் கதையை ஆராயுமிடத்தும் அவ்வாறே வினவுதல் தகும்.

முதலிற் பிளினியை நோக்குவோம். கி.பி. 79ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலையின் சீற்றத்தின்போது உயிர்நீத்த இவ்வறிஞர், தமது ‘இயற்கை வரலாறு’ என்னும் பெருநூலின் 33ஆம் புத்தகத்தில் உலோகங்களைப் பற்றிப் பேசுகிறார். சேர்வியஸ் மன்னனே முதன்முதலில் வெண்கலத்திற் குறி பொறித்தான் என்றும், அதற்கு முன்னர் உரோமர் பண்படாத உலோகத்தை வழங்கினர் என்றும், பொறிக்கப்பட்ட குறி கால்நடையின் உருவம் என்றும், அதனாலேயே இலத்தீனிற் பணத்துக்குப் ‘பெக்கூனியா’ என்ற பெயர் வந்தது என்றும் அவர் எழுதுகிறார். ‘பெக்கூஸ்’ என்பது கால்நடையைக் குறிக்கும் இலத்தீன் சொல். இதே இடத்திற் பிளினி இன்னுமொரு செய்தியையும் சேர்த்துள்ளார். அந்த மன்னன் காலத்திலே குடிமக்களின் சொத்து ‘ஆஸ்’ என்னும் வெண்கல அலகினால் மதிப்பிடப்பட்டதென்றும், மிக உயர்ந்த மதிப்பீடு உடையோரே முதல் வகுப்பினராயினர் என்றும் அவர் கூறுகிறார். நாணயத்தைப் பற்றிய செய்தியும் மக்களை வகுப்புவகுப்பாகப் பிரித்த செய்தியும் பிளினியிடம் அருகருகே நிற்கின்றன. ஸ்மித் முன்னதை எடுத்துக்கொண்டார்; பின்னதை அவரது அத்தியாயத்திற் காணோம். சந்தைக்கு உதவிய செய்தி மேற்கோளாயிற்று. சமுதாயப் படிநிலையைச் சுட்டிய செய்தி நழுவிப்போயிற்று.

இனி, மண்ணிலிருந்து கிடைத்தவற்றை நோக்குவோம். நடு இத்தாலியில் அச்சடித்த நாணயத்துக்கு முன்னர் வழங்கிய வெண்கலப் பணம் மூன்று வடிவங்களிற் கிடைத்திருக்கிறது. முதலாவது, ‘ஏஸ் ரூடே’ எனப்படும் பண்படாத வெண்கலம். குறியோ உருவமோ அற்ற கட்டிகளும் உடைந்த துண்டுகளுமே இவை. சில கிராம் முதற் சில கிலோகிராம் வரை இவற்றின் நிறை வேறுபடும். ஆகவே தராசின்றி இவற்றைக் கொடுக்கவோ வாங்கவோ இயலாது. இரண்டாவது, வார்க்கப்பட்ட பாளங்கள். இவற்றுள் முந்தியவை வட இத்தாலியில் வார்க்கப்பட்டவை. பட்ட மரக்கிளை போன்ற கோடுகளை உடையவை. பிற்பட்டவை உரோமர் வார்த்த நீள்சதுரப் பாளங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் நிறையுடையது. மூன்றாவது, ‘ஏஸ் கிறாவே’, அதாவது கன வெண்கலம் எனப்படும் வட்டவடிவான வார்ப்பு நாணயம். இதன் தலையாய அலகாகிய ஆஸ், தொடக்கத்தில் ஓர் உரோம இறாத்தல் நிறையுடையதாய் இருந்தது. உரோம இறாத்தல் நாம் அறிந்த இறாத்தலிலும் சிறியது; சுமார் 324 கிராம் எனலாம். பன்னிரண்டு அவுன்சு கொண்ட இந்த இறாத்தலின் பகுதிகளான அரை, மூன்றிலொன்று, கால், ஆறிலொன்று, பன்னிரண்டிலொன்று என்பனவும் வார்க்கப்பட்டன. அவுன்சுகளின் தொகையைக் காட்டுதற்குச் சிறு நாணயங்களின்மேல் குமிழ்ப்புள்ளிகள் இடப்பட்டன. எழுத்தறியாதவனும் விரலால் தடவி மதிப்பை அறியலாம்.

1852ஆம் ஆண்டில் உரோமுக்கு வடக்கே பிறாச்சியானோ ஏரிக்கரையிலுள்ள விக்காறெல்லோ என்னுமிடத்தில் வெந்நீரூற்று ஒன்றைத் திருத்தும் வேலை நடந்தது. அப்போது வேலையாட்கள் ஊற்றின் குழியிற் பெருந்தொகையான காணிக்கைகளைக் கண்டனர். மேலே பேரரசுக் கால நாணயங்கள். அவற்றின்கீழ் குடியரசுக் கால நாணயங்கள். அவற்றினுங் கீழே வார்ப்பு நாணயங்கள். அடியாழத்தில் பண்படாத வெண்கலத் துண்டுகள். நோய் தீர வேண்டிப் பல நூற்றாண்டுகளாக மக்கள் எறிந்த காசுகள் பணத்தின் வரலாற்றை அடுக்கடுக்காகப் பதிந்து வைத்திருந்தன. வடிவங்களின் முன்பின் வரிசையைப் பொறுத்தவரை பிளினி கூறியது மெய்யே என்பதை இக்கண்டுபிடிப்புக் காட்டிற்று. ஆயினும் ஆண்டுக் கணக்கு அவருக்குச் சார்பாக இல்லை. மரபின்படி சேர்வியஸ் துல்லியஸ் ஆண்ட காலம் கி.மு. 578 முதல் 535 வரை. காளை உருவம் பொறித்த உரோமப் பாளங்களோ கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதே வரிசையைச் சேர்ந்த இன்னொரு பாளத்தில் ஒரு புறம் யானையும் மறுபுறம் பன்றியும் காணப்படுகின்றன. கி.மு. 280ஆம் ஆண்டில் பிறஸ் மன்னன் யானைப் படையுடன் இத்தாலிக்கு வந்த பின்னரே உரோமர் யானையைப் போர்க்களத்திற் கண்டனர். பன்றிகளின் கூச்சலுக்கு யானைகள் மிரண்டன என்ற கதையும் அப்போரைப் பற்றியதே. எனவே மன்னனுக்கும் பாளத்துக்கும் இடையில் இரண்டரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. பிளினி தாம் கேள்வியுற்ற ஒரு பாளத்துக்குத் தாம் அறிந்த ஒரு மன்னனைத் தந்தையாக்கினார் என்றே கொள்ள வேண்டியுள்ளது.

ஆண்டுப் பிழையைக் கண்டுபிடிப்பது எளிது. அதனினும் முக்கியமான வினா வேறொன்றாகும். குறியிட்ட பணம் வருவதற்கு முன்னர், தராசில் நிறுக்கப்பட்ட அந்த வெண்கலம் எதற்காக நிறுக்கப்பட்டது? பண்டங்களை மாற்றுவதற்கா? இவ்வினாவுக்கு உரோமரே எழுதி வைத்த விடைகள் உள்ளன.

முதலாவது விடை தண்டத்தைப் பற்றியது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை உரோமில் அரசு விதித்த தண்டம் கால்நடையாற் கணிக்கப்பட்டது. அக்காலத்துச் சட்டங்களைப் பற்றிப் பிற்காலத்து உரோம ஆசிரியர்கள் தரும் குறிப்புகளின்படி, தண்டமாகிய கால்நடை வெண்கலமாக மாற்றப்பட்டபோது ஆடு ஒன்றுக்கு 10 ஆஸ், மாடு ஒன்றுக்கு 100 ஆஸ் என விலை குறிக்கப்பட்டது. இங்குதான் ‘பெக்கூனியா’ என்ற சொல்லின் உட்பொருள் தெளிவாகிறது. நமது மொழியிலும் மாடு என்ற சொல் செல்வத்தைக் குறிப்பதுண்டு; வள்ளுவரே அப்பொருளில் அதனை ஆண்டிருக்கிறார். கால்நடை செல்வமாயிருந்த சமுதாயங்கள் பலவற்றில் இத்தகைய சொல்வழக்கு இயல்பானது. ஆனால் உரோமிலே மாட்டையும் வெண்கலத்தையும் ஒன்றுக்கொன்று ஈடாக்கிய, நாம் அறியத்தக்க மிகப் பழைய விலைப்பட்டியல் சந்தையில் எழுதப்பட்டதன்று. நீதி வழங்கியோரால் எழுதப்பட்டது. கி.மு. 451, 450ஆம் ஆண்டுகளில் தொகுக்கப்பட்ட பன்னிரு பலகைச் சட்டமும் இதையே உறுதி செய்கிறது. சுதந்திரனின் எலும்பை முறித்தவன் 300 ஆஸ் செலுத்த வேண்டும். அடிமையின் எலும்பை முறித்தவன் 150 ஆஸ் செலுத்த வேண்டும். அதனிற் குறைந்த தாக்குதலுக்கு 25 ஆஸ். மேற்கூறிய விலையோடு ஒப்பிட்டால் சுதந்திரனின் எலும்பு மூன்று மாடு. அடிமையின் எலும்பு ஒன்றரை மாடு. வெண்கலம் இங்கே பண்டத்தின் பெறுமதியை மட்டும் அளக்கவில்லை. மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வையும் அது அளக்கிறது.

இரண்டாவது விடை உடைமை மாற்றத்தைப் பற்றியது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காயுஸ் என்ற சட்ட அறிஞரின் பாடநூல் நெடுங்காலம் மறைந்திருந்தது. 1816ஆம் ஆண்டில் வெரோனா நகரத்து நூலகத்தில், பிற்காலத்து எழுத்தின் அடியில் அழிந்து கிடந்த நிலையில் அதனை நீபூர் என்ற வரலாற்றாசிரியர் கண்டெடுத்தார். பழைய உரோமரின் விற்பனைச் சடங்கு ஒன்றினை அந்நூல் விளக்குகிறது. பராயமடைந்த உரோமக் குடிமக்கள் ஐவர் சாட்சிகளாக நிற்க, ஆறாமவன் வெண்கலத் தராசைப் பிடித்து நிற்பான். வாங்குபவன் கையில் வெண்கலத்தை வைத்துக்கொண்டு, தான் பற்றியிருக்கும் மனிதன் உரோமச் சட்டப்படி தன்னுடையவன் என்றும், இந்த வெண்கலத்தாலும் தராசாலும் தனக்கு வாங்கப்பட்டவன் என்றும் உரைப்பான். பின்னர் அவ்வெண்கலத்தால் தராசைத் தட்டி, அதனை விலை போல விற்பவனிடம் கொடுப்பான். முற்காலத்தில் வெண்கலம் எண்ணப்படாது நிறுக்கப்பட்டமையே இச்சடங்குக்குக் காரணம் என்று காயுஸ் கூறுகிறார். அவர் உதாரணமாக எடுத்துக்கொண்ட பொருள் யாது என்பதைக் கவனித்தல் வேண்டும். நெல்லுமன்று, உப்புமன்று, ஓர் அடிமை. இச்சடங்கினால் கைமாறியவை இத்தாலிய நிலம், அடிமைகள், உழவுக்கும் சுமைக்கும் உரிய மாடு, குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியன. தந்தையின் அதிகாரத்துக்குட்பட்ட பிள்ளைகளும் இவ்வாறே கைமாற்றப்படலாம். நாளாந்தச் சந்தைப் பண்டம் எதுவும் இப்பட்டியலில் இல்லை.

மூன்றாவது விடை கடனைப் பற்றியது. இதுவே மூன்றினுங் கொடியது. பன்னிரு பலகைச் சட்டத்தின் மூன்றாம் பலகை, கடனை ஒப்புக்கொண்டவனுக்கு 30 நாள் தவணை கொடுக்கிறது. அதன்பின்னும் கொடாதவன்மேல் கடன் கொடுத்தவன் கைவைத்து அவனை நீதிபதி முன் இழுத்துச் செல்லலாம். பிணை நிற்பார் எவருமில்லையாயின், வீட்டுக்குக் கொண்டுபோய் விலங்கிடலாம். விலங்கின் நிறையைக்கூடச் சட்டம் குறிப்பிட மறக்கவில்லை; 15 இறாத்தல். சிறைப்பட்டவன் தன் உணவைத் தானே தேடிக்கொள்ள இயலாவிட்டால், நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியம் கொடுக்க வேண்டும். இவ்வாறு 60 நாள். அதற்கிடையில் மூன்று சந்தை நாட்களில் அவனைப் பொதுவிடத்துக்குக் கொண்டுவந்து அவன் கடன் எவ்வளவு என்று அறிவிக்க வேண்டும். மீட்பார் இல்லையேல், தைபர் ஆற்றுக்கு அப்பால், அதாவது அந்நிய நாட்டுக்கு, அவனை அடிமையாக விற்றுவிடலாம். வெண்கலம் வாங்கியதும் இறாத்தலினால்; விலங்கு பூண்டதும் இறாத்தலினால்; உயிர் தாங்கியதும் இறாத்தலினால். ஒரே அளவைதான் மூன்றையும் ஆண்டது. பண்டமாற்றுக் கதையில் வரும் சந்தையும் இங்கே இருக்கிறது. ஆனால் அச்சந்தையிலே நடுவில் நிறுத்தப்பட்டிருப்பவன் மனிதன்.

‘நெக்சும்’ எனப்பட்ட ஒருவகைக் கடன்கட்டும் இவ்வாறு வெண்கலத்தாலும் தராசாலும் செய்யப்பட்டதே. கடன் வாங்கியவன் தன் உடலையே ஈடாக வைத்தான். கி.மு. 326ஆம் ஆண்டில் பொய்தேலியச் சட்டம் அதனை ஒழித்தது. இதற்குக் காரணமான நிகழ்ச்சியாக லிவி என்னும் வரலாற்றாசிரியர் ஒன்றை எழுதியுள்ளார். தந்தையின் கடனுக்காகத் தன்னை ஈடுவைத்த பப்ளிலியஸ் என்ற இளைஞன், கடன் கொடுத்தவனின் தகாத இச்சைக்கு இணங்க மறுத்தான். அதற்காகக் கசையடி பட்டான். குருதி வழிந்த முதுகோடு அவன் தெருவுக்கு ஓடிவரவே, மக்கள் திரண்டு மூதவை கூடும் மண்டபத்தைச் சூழ்ந்தனர். உரோமப் பொதுமக்களுக்கு அந்த ஆண்டு சுதந்திரத்தின் மறுதொடக்கம் போன்றது என லிவி கருதுகிறார். நிகழ்ச்சியின் விபரங்கள் பிற்காலத்துப் புனைவாக இருக்கலாம். ஆனால் சட்டம் புனைவன்று. அதற்கு முன்னிருந்த நிலையும் புனைவன்று.

நான்காவது விடை அரசிறையையும் போரையும் பற்றியது. கி.மு. 406ஆம் ஆண்டில் உரோமப் போர்வீரருக்கு முதன்முறையாகப் பொதுக் களஞ்சியத்திலிருந்து கூலி கொடுக்கத் தீர்மானிக்கப்பட்டது என்றும், அதற்கான வரியைச் செலுத்துகையில் செல்வர் சிலர் வெண்கலத்தை வண்டிகளில் ஏற்றிக் களஞ்சியத்துக்குக் கொண்டுசென்றனர் என்றும் லிவி கூறுகிறார். வெள்ளி நாணயம் இன்னும் தோன்றாமையால் அவ்வாறு செய்ய நேர்ந்தது என்றும், அது பார்வைக்குப் பகட்டாக இருந்தது என்றும் அவர் சேர்த்துக்கொள்கிறார். கி.மு. 293ஆம் ஆண்டில், சம்னியரை வென்று திரும்பிய பப்பீரியஸ் குர்சோர் என்ற கொன்சலின் வெற்றி ஊர்வலத்தில் 25 இலட்சத்து 33 ஆயிரம் ஆஸ் கன வெண்கலம் எடுத்துச் செல்லப்பட்டதாம். ஆஸ் ஒன்று ஓர் இறாத்தல் எனக் கொண்டால், இது சுமார் 820 மெற்றிக் தொன். எண் மிகைப்பட்டிருக்கலாம். ஆனால் அவ்வெண்கலம் எங்கிருந்து வந்தது என்பதை லிவி மறைக்கவில்லை; போரிற் பிடிபட்டோரை விற்றுச் சேர்த்த பணம் என்றே கூறப்பட்டது. அத்தனையும் களஞ்சியத்துக்குப் போயிற்று. வீரருக்கு எதுவும் பகிரப்படவில்லை. அவர்களது கூலிக்கென்று மக்களிடம் வரியும் அறவிடப்பட்டது, மக்கள் முணுமுணுத்தனர். உரோமர் தம் சொந்தக் குடிமகனைக் கடனுக்காக விலங்கிடுவதை நிறுத்தி ஒரு தலைமுறை கழிந்த காலம் இது. வெண்கலத்தின் தராசில் இப்போது ஏற்றப்பட்டவர் அயலார்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து, உரோமின் தொல்பழம் வெண்கலம் தண்டம், உடைமை, கடன், வரி, கொள்ளை ஆகிய ஐந்து வழிகளில் நிறுக்கப்பட்டமை கண்கூடு. சிறு துண்டுகள் சந்தையிலும் வழங்கியிருத்தல் கூடும். அதனை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சட்டமும் சடங்கும் அதிகாரமும் சந்தைக்குப் பின்னர் வந்து சேர்ந்தவை என்று கூறுவதற்கு உரோமச் சான்று இடந்தரவில்லை. கேம்பிறிட்ஜைச் சேர்ந்த மானிடவியலாளர் கரோலைன் ஹம்பிறி 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், தூய பண்டமாற்றுப் பொருளாதாரம் ஒன்று இருந்து அதிலிருந்து பணம் தோன்றியதாக எந்த உதாரணமும் விவரிக்கப்பட்டதில்லை என்று முடிவு கூறினார். டேவிட் கிறேபர் 2011இல் வெளியிட்ட ‘கடன்’ பற்றிய நூலில் இக்கருத்தையே விரித்து, கடன் முந்தியது, நாணயம் பிந்தியது என வாதித்தார். உரோம வெண்கலம் அவ்வாதத்துக்கு வலுவூட்டுகிறது.

வார்ப்பிலிருந்து அச்சடிப்புக்கு மாறியதைத் தொழில்நுட்ப முன்னேற்றமாக மட்டும் காண்பதும் இதே கதையின் இன்னொரு கிளையாகும். தென் இத்தாலியின் கிரேக்க நகரங்கள் கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே வெள்ளி நாணயம் அடித்தன. உரோமர் அதனை அறியாதிருந்தனர் என்பதற்கில்லை. சீன நாட்டவர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் செப்புக் காசுகளை வார்த்தே வழங்கினர். அவர்களைத் தொழிலறியாதார் என்று எவரும் கூறார். ஓர் இறாத்தல் நிறையுள்ள வெண்கல வட்டத்தைச் சம்மட்டியால் அடித்து உருவம் பதிப்பது பெரும்பாடு. அச்சுக்கூட்டில் உருக்கி ஊற்றுவது எளிது. நிறைதான் மதிப்பு என்றிருக்கும்வரை வார்ப்பே தகுந்த முறை. நிறை குறைந்தபோதே அடித்தல் இயல்வதாயிற்று.

நிறையைக் குறைத்தது போர். கி.மு. 218இல் ஹனிபாலுடன் தொடங்கிய போர் உரோமின் களஞ்சியத்தை வறிதாக்கிற்று. 217ஆம் ஆண்டளவில் ஆசின் நிறை ஏறத்தாழ அரைவாசியாயிற்று. 211ஆம் ஆண்டளவில் ஆறிலொன்றாயிற்று. அவ்வாண்டளவில் பத்து ஆசுக்கு ஈடான ‘தெனாரியஸ்’ என்னும் வெள்ளி நாணயம் வெளிவந்தது; சிறுசிறு வெண்கலக் காசுகள் முதலாகப் படிப்படியே அச்சடிப்பு நிலைபெற்றது. பிளினி வெள்ளி நாணயத்துக்குக் கி.மு. 269ஆம் ஆண்டைக் குறித்திருந்தார். 1955ஆம் ஆண்டு தொடக்கம் சிசிலியில் மோர்கன்தீனா என்ற நகரில் நடந்த அகழ்வாய்வு, தெனாரியஸ் போர்க்காலத்துப் பிள்ளை என்பதைக் காட்டிற்று. அப்போரின் சுமை எவ்வாறு பகிரப்பட்டது? கி.மு. 215ஆம் ஆண்டில் படைக்குப் பொருள் வழங்க முன்வந்த ஒப்பந்தக்காரர், தமக்குப் படைச்சேவையிலிருந்து விலக்கு வேண்டும் என்றும், கப்பலில் ஏற்றும் பொருளுக்கு நேரும் நட்டத்தை அரசே ஏற்க வேண்டும் என்றும் இரு நிபந்தனை விதித்துப் பெற்றுக்கொண்டனர். அவர்களுட் சிலர் பழங்கப்பல்களை வேண்டுமென்றே மூழ்கடித்து நட்டஈடு வாங்கிய மோசடி கி.மு. 212இல் அம்பலமாயிற்று. காசின் நிறை குறைந்தபோது அதனைக் கூலியாகப் பெற்றவனுக்கோ இத்தகைய பிணை எதுவும் இருக்கவில்லை.

நிறை குறைந்தும் சட்டத்தின் எண் மாறாதிருந்தமையால் விளைந்த கேட்டைக் கெல்லியஸ் என்ற ஆசிரியர் ஒரு கதையாற் புலப்படுத்துகிறார். லூசியஸ் வெராத்தியஸ் என்றொரு செல்வன் தெருவிற் போவோர் கன்னத்தில் அறைவதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருந்தான். காசுப்பை ஏந்திய அடிமை ஒருவன் பின்னே வருவான். அறைபட்டவனுக்குச் சட்டப்படி 25 ஆஸ் உடனே எண்ணிக் கொடுக்கப்படும். எட்டுக் கிலோகிராம் வெண்கலமாயிருந்த தண்டம், பிற்காலத்துச் சில்லறையாய்ச் சுருங்கிவிட்டது. இதன் பின்னர் நீதிபதிகள் பழைய சட்டத்தைக் கைவிட்டு, வழக்குக்கு வழக்கு மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தனராம். நிறுத்த காலத்தில் ஏழையை விலங்கிட்ட அதே வெண்கலம், எண்ணிய காலத்தில் செல்வனின் கையை அவிழ்த்துவிட்டது.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். முற்போக்கு நோக்குடைய நம்மவருட் சிலர், பணம் என்பது ஆளும் வகுப்பாரின் சூழ்ச்சி என்று ஒரே சொல்லில் முடித்துவிட விரும்புவர். அதுவும் இன்னொரு கட்டுக்கதையே. ஆசின் நிறை குறைந்தமையால் அரசின் கடன்கள் தீர்ந்தன என்று பிளினி எழுதுகிறார். கடன்பட்டிருந்த தனியாருக்கும் அது ஓரளவு விடுதலையாய் இருந்திருக்கும். பன்னிரு பலகைகள் கொடியனவாயினும் அவை எழுத்தில் வந்தமை பொதுமக்களின் போராட்டத்தால். எழுதாத சட்டம் அதனினுங் கொடியது. நாணயத்தின் நிறை குறைக்கப்பட்டதை ஆள்வோரின் பேராசையென ஸ்மித் கண்டித்ததையும் நாம் மறத்தலாகாது. பேராசிரியர் கைலாசபதியின் ஆசிரியராக நம் வாசகர் அறிந்த ஜோர்ஜ் தொம்சன், 1955இல் வெளியிட்ட ‘முதற் றத்துவஞானிகள்’ பற்றிய நூலில் நாணய வழக்குக்கும் கிரேக்கரின் அருவச் சிந்தனைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். ஆழமான நூல் அது. எனினும் அவரது நோக்கு வணிகம் செழித்த அயோனியக் கரையிலிருந்தே தொடங்குகிறது. வணிகனின்றி நீதிபதியும் கடன் கொடுத்தவனும் தளபதியும் முன்னிற்கும் உரோமச் சான்றை அதனோடு சேர்த்து நோக்கினாலன்றி, பணத்தின் வரலாறு முழுமை பெறாது. ஒரு நாட்டின் வரலாற்றை எல்லா நாட்டுக்கும் பொதுவிதியாக்குவது, எவர் செய்யினும் குறைபாடே.

சொற்கள் சில வேளைகளில் நூல்களிலும் நேர்மையானவை. இலத்தீனிற் கடனுக்குப் பெயர் ‘ஏஸ் அலியேனும்’. பிறருடைய வெண்கலம் என்பது அதன் பொருள். பொதுக் களஞ்சியத்துக்குப் பெயர் ‘ஏறாரியும்’, வெண்கலம் வைக்குமிடம். போர்வீரன் கூலியாகிய ‘ஸ்திபெந்தியும்’ என்ற சொல்லில் நிறுத்துக் கொடுத்தல் என்னும் கருத்து ஒளிந்துள்ளது. வெள்ளியும் பொன்னும் வந்து பல நூற்றாண்டு கழிந்த பின்னரும் கடன்பட்ட உரோமன் தான் பிறருடைய வெண்கலத்தைச் சுமப்பதாகவே பேசினான். தமிழிலும் கடன் என்ற சொல் பெற்ற பொருளையும் ஆற்ற வேண்டிய கடமையையும் ஒருங்கே சுட்டுவது எண்ணத்தக்கது.

நம் மாணவருக்குப் பணத்தின் தோற்றத்தைக் கற்பிக்குமிடத்து நெல்லையும் உப்பையும் மட்டும் கூறி அமைவது போதாது. தராசின் ஒரு தட்டில் வெண்கலம் இருந்தது என்றால், மற்றத் தட்டில் இருந்தது யாது என்று வினவ அவர்களைப் பழக்க வேண்டும். முறிந்த எலும்பு, கைமாறிய அடிமை, தைபருக்கு அப்பால் விற்கப்பட்ட கடனாளி, சிறைப்பட்ட சம்னியன் என்போர் விடையாக வருவர். இவர்களை நீக்கிவிட்டு எழுதப்படும் தோற்றக் கதை இனிமையாக இருப்பதில் வியப்பில்லை. அவ்வினிமையின் விலையை யார் கொடுத்தார் என்று கேட்பது, இலக்கியமாயினும் பொருளியலாயினும், திறனாய்வின் முதற் கடமையாகும்.